தூளியா, மரத்தொட்டிலா, தரைப் பாயா? பிறந்த குழந்தை பத்திரமாகத் தூங்க எது சரி?

ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனையில் பிரசவம் முடிந்து, குழந்தையோடு ஆட்டோவில் வந்து இறங்கும்போது பெரும்பாலான வீடுகளில் இரண்டு ஏற்பாடுகள் தயாராக இருக்கும். ஒன்று, வாசலில் ஆரத்தித் தட்டு. இன்னொன்று, உள்ளே சீலிங் கொக்கியில் பாட்டியின் பழைய புடவையில் கட்டிய தூளி. கொஞ்சம் வசதியான வீடு என்றால் தாய்மாமன் சீராக மரத்தொட்டிலோ, ஸ்டாண்டோடு கூடிய ஸ்பிரிங் தொட்டிலோ வந்து சேரும்.

இப்போது மூன்றாவதாக ஒன்றும் சேர்ந்திருக்கிறது. செல்போன். ‘பேபி கிரிப்’ என்று தேடினால் போதும். சக்கரம் வைத்தது, கொசுவலை வைத்தது, மின்சாரத்தில் தானாக ஆடுவது, ரிமோட்டில் தாலாட்டு பாடுவது என வரிசையாக வந்து நிற்கும். எதை வாங்குவது என்ற குழப்பத்தில், கேட்க வேண்டிய முதல் கேள்வியே மறந்துபோகிறது: இதில் குழந்தை தூங்கும்போது மூச்சு தடையில்லாமல் போய் வருமா?

விலைக்கும் இந்தக் கேள்விக்கும் சம்பந்தமே இல்லை. பல ஆயிரம் ரூபாய் தொட்டிலிலும் ஆபத்து இருக்கலாம். காசே செலவழிக்காமல் தரையில் விரித்த பாயிலும் குழந்தை பத்திரமாகத் தூங்கலாம்.

முதலில் நான்கு விதிகள்

உலகம் முழுக்கக் குழந்தைநல மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். முதல் ஒரு வருடம் குழந்தையை ஒவ்வொரு முறையும், பகல் தூக்கமானாலும் இரவுத் தூக்கமானாலும், மல்லாந்துதான் படுக்கவைக்க வேண்டும். படுக்கை தட்டையாகவும், கையால் அழுத்தினால் பள்ளம் விழாதபடி கெட்டியாகவும் இருக்க வேண்டும். அந்தப் படுக்கையில் குழந்தையைத் தவிர வேறு எதுவும் இருக்கக் கூடாது. குழந்தை பெற்றோர் தூங்கும் அதே அறையில், ஆனால் தனிப் படுக்கையில் தூங்க வேண்டும். குறைந்தது முதல் ஆறு மாதமாவது.

இது வெறும் கருத்து அல்ல. ஆரோக்கியமாக இருந்த குழந்தை, எந்தக் காரணமும் தெரியாமல் தூக்கத்திலேயே இறந்துபோவதை ‘திடீர் சிசு மரணம்’ என்கிறார்கள். இது ஒரு வயதுக்குள் நடப்பது. இரண்டு முதல் நான்கு மாதக் குழந்தைகளிடம்தான் மிக அதிகம். 1980-கள் வரை மேலை நாடுகளில் குழந்தையைக் குப்புறப் படுக்கவைப்பதே வழக்கமாக இருந்தது. குப்புறப் படுத்த குழந்தைகளே அதிகம் இறக்கிறார்கள் என்று ஆய்வுகளில் தெரிந்ததும், 1991-ல் பிரிட்டனிலும் 1994-ல் அமெரிக்காவிலும் ‘மல்லாந்து படுக்கவையுங்கள்’ என்று பெரிய பிரசாரம் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளிலேயே அந்த மரணங்கள் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தன. மருந்தும் ஊசியும் இல்லாமல், படுக்கவைக்கும் விதத்தை மாற்றியதில் கிடைத்த பலன் அது.

‘மல்லாந்து படுத்தா கக்குறது புரையேறாதா?’

எல்லா வீட்டிலும் வரும் கேள்வி இது. பால் குடித்த குழந்தை கக்கும். மல்லாந்து படுத்திருந்தால் அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும் என்ற பயம் நியாயமானதுதான். ஆனால் உடல் அமைப்பு அதற்கு நேர்மாறு. மல்லாந்து படுக்கும்போது மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் இருக்கும். கக்கிய பால் மேலே ஏறி மூச்சுக்குழாய்க்குள் போவது கடினம். குப்புறப் படுத்தால்தான் உணவுக்குழாய் மேலே வந்துவிடுகிறது.

ஒருக்களித்துப் படுக்கவைத்தால் என்ன என்று சிலர் கேட்பார்கள். ஒருக்களித்த குழந்தை லேசாக அசைந்தாலே குப்புற உருண்டுவிடும். அதனால் அதுவும் வேண்டாம். பால் கொடுத்ததும் தோளில் போட்டு முதுகைத் தட்டி ஏப்பம் வரவைத்து, பிறகு மல்லாந்து படுக்கவைத்தால் போதும்.

‘தலை தட்டையாகிவிடும்’ என்பது இன்னொரு கவலை. அதற்குக் கடுகுத் தலையணை தேவையில்லை. குழந்தை விழித்திருக்கும்போது, பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டு, கொஞ்ச நேரம் குப்புறப் போட்டு விளையாடவிட்டாலே போதும். கழுத்தும் தோளும் பலமாகும், தலையும் உருண்டையாகும்.

தூளி: தூங்கவைக்க மட்டும்

‘நாங்கல்லாம் தூளியில வளரலையா? நீ தூளியில வளரலையா?’ என்று பாட்டி கேட்டால், பதில் சொல்வது கஷ்டம். தூளியில் நல்ல விஷயங்களும் இருக்கின்றன. வயிற்றுக்குள் இருந்த அதே அணைப்பு, அதே அசைவு. அழும் குழந்தை இரண்டு ஆட்டத்தில் அடங்கும். பத்துக்குப் பத்து அறையில் வாழும் குடும்பத்துக்கு, அவிழ்த்துச் சுருட்டினால் இடத்தை அடைக்காத தொட்டில் வேறு இல்லை.

ஆனால் மேலே சொன்ன விதிகளை வைத்துப் பார்த்தால் தூளி தட்டையானது அல்ல. துணி வளைந்து குழிவிழும். பிறந்த குழந்தைக்குத் தலை கனம், கழுத்தில் பலம் இல்லை. குழிக்குள் படுக்கும்போது தாடை நெஞ்சில் போய் முட்டும், மூச்சுக்குழாய் மடங்கும். வைக்கோல் ஒன்றை மடக்கினால் காற்று போகாதல்லவா, அது போலத்தான். இன்னொரு பக்கம், தூளியின் இரண்டு ஓரத் துணியும் மூடிக்கொண்டால் மூக்கில் ஒட்டும்; உள்ளே காற்றோட்டம் குறைந்து உடம்பு சூடாகும். சென்னையின் மே மாதத்தில் இது சின்ன விஷயம் அல்ல. அதிகச் சூடும் திடீர் சிசு மரணத்துக்கு ஒரு காரணியாகச் சொல்லப்படுகிறது.

அதற்காகத் தூளியைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. தூங்கவைக்கத் தூளி, தூங்கிய பிறகு தட்டையான படுக்கை. இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டாலே பாதி ஆபத்து குறைந்துவிடும். தூளியில் இருக்கும் நேரம் முழுக்க ஒரு பெரியவரின் கண் குழந்தை மேல் இருக்க வேண்டும். தாடை நெஞ்சை விட்டு விலகியிருக்கிறதா, மூக்கும் வாயும் துணி படாமல் தெரிகிறதா என்று அடிக்கடி பார்க்க வேண்டும். துணி மூடிக்கொள்ளாமல் இருக்க இரு ஓரத்தையும் விலக்கி வைக்கும் தொட்டில் கட்டையைப் போடலாம். இரவு முழுக்கத் தூளியில் விட்டுவிட்டு வீட்டில் எல்லோரும் தூங்குவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

குழந்தை தானாகப் புரள ஆரம்பித்ததும், அதாவது நான்கு மாதம் வாக்கில், தூளிக்கு விடை கொடுத்துவிட வேண்டும். புரளும் குழந்தை அதிலிருந்து கீழே விழும். இல்லையென்றால் குப்புறத் திரும்பித் துணியில் முகம் புதையும்.

கொக்கியைப் பார்த்தீர்களா?

கடற்கரை ஓரத்து வீடுகளுக்கு ஒரு தனிப் பிரச்னை உண்டு. காசிமேடு தொடங்கி எண்ணூர் வரைக்கும் உப்புக் காற்று இரும்பைத் தின்றுவிடும். ஜன்னல் கம்பியும் கேட்டும் துருப்பிடிப்பது கண்ணுக்குத் தெரியும். சீலிங்கில் பதித்த கொக்கி உள்ளே துருப்பிடித்திருப்பது தெரியாது. கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடித்தால் அது உப்பும். பூச்சு வெடித்துக் கொட்டும்.

2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியக் குடியிருப்பின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. 24 வீடுகள் தரைமட்டமாயின. விரிசலைப் பார்த்த மக்கள் முன்பே வெளியேறியதால் உயிர்ச் சேதம் இல்லை. விரிசலைப் பார்த்தவுடன் சுதாரித்ததுதான் அன்று அவர்களைக் காப்பாற்றியது. தூளி கட்டும் கொக்கிக்கும் அதே பார்வை வேண்டும்.

கொக்கியைச் சுற்றிப் பூச்சு உதிர்ந்திருக்கிறதா, துருக்கறை வழிந்திருக்கிறதா, விரிசல் ஓடுகிறதா என்று ஸ்டூல் போட்டு ஏறிப் பாருங்கள். இருந்தால் அங்கே தூளி வேண்டாம். மின்விசிறி மாட்டிய கொக்கியிலேயே கயிற்றைச் சேர்த்துக் கட்டுவது எந்த வீட்டிலும் கூடாது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீட்டில் கூரையைத் தாங்கும் பைப்பிலோ சவுக்குக் கட்டையிலோ கட்டுவதாக இருந்தால், அது அசையாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

கட்டிய பிறகு குழந்தையைப் போடுவதற்கு முன்னால் 20 கிலோ அரிசி மூட்டையைப் போட்டு, கொஞ்ச நேரம் வேகமாக ஆட்டிப் பாருங்கள். முடிச்சு நழுவுகிறதா, கொக்கி அசைகிறதா என்று தெரிந்துவிடும். நைலான், சிந்தெடிக் புடவைகளில் முடிச்சு வழுக்கும், காற்றும் போகாது. பருத்திப் புடவை அல்லது வேட்டியே நல்லது. கிழிசலும் நைந்த இடமும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தூளியின் அடிப்பகுதி தரையிலிருந்து ஒரு முழத்துக்கு மேல் போகாதபடி தாழ்வாகக் கட்டுங்கள். ஆடும்போது சுவர், பீரோ, அடுப்பு எதிலும் இடிக்கக் கூடாது.

அண்ணன், அக்காக்களுக்கும் ஆபத்து

தூளி என்றால் கைக்குழந்தைக்கு மட்டும்தான் ஆபத்து என்று நினைக்கிறோம். தமிழ்நாட்டு நாளிதழ்களில் அடிக்கடி வரும் செய்தி வேறு மாதிரியானது. தம்பிப் பாப்பாவுக்குக் கட்டிய புடவையில் ஊஞ்சலாடிய பள்ளிக்கூடப் பிள்ளை, சுற்றிச் சுற்றி முறுக்கி விளையாடும்போது கழுத்தில் துணி இறுகி இறந்துபோன செய்தி அது. பெற்றோர் வேலைக்குப் போயிருப்பார்கள். அல்லது பக்கத்து அறையில்தான் இருந்திருப்பார்கள். கழுத்து இறுகினால் குழந்தையால் கத்த முடியாது. சத்தம் வராததால் யாருக்கும் தெரியாது.

இதைத் தடுக்கச் செலவே இல்லை. குழந்தையை எடுத்தவுடன் தூளியை அவிழ்த்துவிடுங்கள். அல்லது சுருட்டி, பெரிய பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் கொக்கியிலேயே முடிந்து வையுங்கள். ‘இது ஊஞ்சல் இல்லை’ என்று வீட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு முறை அல்ல, பல முறை சொல்லிவையுங்கள்.

ஸ்பிரிங் தொட்டிலும் சாய்வுத் தொட்டிலும்

கம்பி ஸ்டாண்டில் ஸ்பிரிங் போட்டு, வலைத் துணியில் தொங்கும் தொட்டில்கள் இப்போது அதிகம் விற்கின்றன. தூளியில் சொன்ன எல்லாமே இதற்கும் பொருந்தும். கூடவே மூன்று சோதனைகள்: ஸ்பிரிங்கில் துரு இருக்கிறதா, ஸ்பிரிங் அறுந்தால் தாங்கிக்கொள்ளப் பாதுகாப்புக் கயிறோ சங்கிலியோ இருக்கிறதா, ஸ்டாண்டைப் பக்கவாட்டில் தள்ளினால் கவிழ்கிறதா? ஸ்பிரிங் வளையங்களுக்கு நடுவே பெரிய குழந்தைகளின் விரல் சிக்காமல் மேலே உறை போட்டிருக்க வேண்டும்.

மின்சாரத்தில் ஆடுவதோ, தலைப் பக்கம் உயர்த்திச் சாய்வாக இருப்பதோ ‘புதிய தொழில்நுட்பம்’ என்பதால் பாதுகாப்பானது ஆகிவிடாது. அமெரிக்காவில் பிஷர்-பிரைஸ் நிறுவனத்தின் ‘ராக் என் பிளே’ என்ற சாய்வுத் தொட்டில் 2009 முதல் விற்றது. பெரிய பிராண்ட், நல்ல பேர். குழந்தைகளின் மரணங்கள் வெளியே வந்த பிறகு 2019 ஏப்ரலில் சுமார் 47 லட்சம் தொட்டில்களைத் திரும்பப் பெறுவதாக அந்த நிறுவனம் அறிவித்தது. 2023-ல் அதே அறிவிப்பை மறுபடி வெளியிட்டபோது, பதிவான மரணங்கள் ஏறத்தாழ 100 என்று சொல்லப்பட்டது. சாய்வில் படுத்த குழந்தையின் தாடை நெஞ்சில் முட்டுவதும், புரண்டு துணியில் முகம் புதைவதும்தான் ஆபத்து. 10 டிகிரிக்கு மேல் சாயும் குழந்தைத் தொட்டில்களை 2022-ல் அந்நாட்டுச் சட்டமே தடை செய்தது.

இங்கே இணையத்தில் வாங்கும்போது படத்தில் தலைப் பக்கம் உயர்ந்து இருந்தால் அதைத் தூங்குவதற்கு வாங்காதீர்கள். காரில் வைக்கும் குழந்தை இருக்கை, சாய்வு நாற்காலி, பேபி பவுன்சர் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். அதில் தூங்கிவிட்டால் எடுத்துத் தட்டையான இடத்தில் போடுங்கள்.

கடைக்குப் போகும்போது விரலும் டின்னும் போதும்

மரத்தொட்டிலோ, கம்பித் தொட்டிலோ வாங்க பாரிமுனைக்கோ, வண்ணாரப்பேட்டைக்கோ போகிறீர்கள் என்றால் பெரிய அளவுகோல் எதுவும் வேண்டாம்.

பக்கக் கம்பிகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளி 6 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. ஒரு குளிர்பான டின்னை எடுத்துப் போய் நுழைத்துப் பாருங்கள். நுழைந்துவிட்டால் அந்தத் தொட்டில் வேண்டாம். குழந்தையின் உடம்பு அந்தச் சந்தில் நழுவி, தலை மாட்டிக்கொள்ளும்.

மெத்தைக்கும் தொட்டிலின் ஓரத்துக்கும் நடுவே இரண்டு விரலுக்கு மேல் நுழையக் கூடாது. இடைவெளி இருந்தால் குழந்தையின் முகம் அங்கே போய்ச் சிக்கும். மெத்தையைத் தொட்டிலோடு வந்த அளவிலேயே வாங்குங்கள். அது மெத்தென்று இருந்தால்தான் குழந்தைக்குச் சுகம் என்று நினைக்கத் தோன்றும். உள்ளங்கையால் அழுத்தி எடுத்ததும் பள்ளம் நிற்காமல் உடனே நிமிர வேண்டும். அதுதான் சரியான மெத்தை. விரிப்பு இழுத்துக் கட்டியதாக, சுருக்கமில்லாமல் இருக்க வேண்டும்.

நான்கு மூலைக் கட்டைகளிலும் அழகுக்காகக் குமிழ் வைத்திருப்பார்கள். குழந்தையின் சட்டையோ கயிறோ அதில் மாட்டும். குமிழ் இல்லாததே நல்லது. தலைப் பக்கம் பூ வேலைப்பாடு என்று ஓட்டை ஓட்டையாக வெட்டியிருந்தாலும் தவிர்த்துவிடுங்கள்.

ஒரு பக்கத்தை மட்டும் கீழே இறக்கி ஏற்றும் தொட்டில் தாய்க்கு வசதியாகத் தெரியும். அந்தப் பக்கத்தின் கொக்கி தளர்ந்தால் ஒரு சந்து உருவாகும். அமெரிக்காவில் 2000-க்குப் பிறகு குறைந்தது 32 குழந்தைகள் அப்படிச் சிக்கி இறந்ததாக அந்நாட்டு நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் கணக்கிட்டது. 2011 ஜூன் முதல் அங்கே அந்த வகைத் தொட்டிலை விற்கவே கூடாது. நான்கு பக்கமும் அசையாத தொட்டிலையே கேட்டு வாங்குங்கள். சக்கரம் இருந்தால் பூட்டும் வசதி வேண்டும். ஆடும் தொட்டில் என்றால் ஆடாமல் நிறுத்தும் பூட்டும் வேண்டும்.

அக்கா வீட்டுப் பழைய தொட்டில்

‘அக்கா பசங்க மூணு பேரும் இதிலதான் தூங்கினாங்க’ என்று வரும் தொட்டிலை மறுக்க மனசு வராது. மறுக்க வேண்டாம், சோதித்து வாங்குங்கள். ஒரு திருகாணியும் குறையக் கூடாது. தொலைந்த திருகாணிக்குப் பதில் கம்பியோ கயிறோ கட்டியிருந்தால் வேண்டாம். ஆட்டிப் பார்த்தால் கிறீச்சிட்டு அசையக் கூடாது.

பெயின்ட்டையும் பாருங்கள். இந்தியாவில் வீட்டு உபயோகப் பெயின்ட்டில் ஈயத்தின் அளவு 90 பிபிஎம்-ஐத் தாண்டக் கூடாது என்ற விதி 2016-ல் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னால் பூசிய பளபள பச்சையும் மஞ்சளும் ஈயம் கலந்ததாக இருக்கலாம். பல் முளைக்கும் குழந்தை தொட்டில் ஓரத்தைக் கடிக்காமல் விடாது. ஈயம் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். உரியும் பெயின்ட் இருந்தால் அந்தத் தொட்டிலைத் தவிர்த்துவிடுங்கள். வீட்டுக்குள் வைத்து உப்புக்காகிதம் போட்டுத் தேய்ப்பதும் கூடாது. அந்தத் தூள்தான் இன்னும் ஆபத்து.

தொட்டிலுக்குள் என்ன இருக்கலாம்?

ஒன்றும் வேண்டாம். கடுகுத் தலையணை, பக்கத் தலையணை, கரடி பொம்மை, தடித்த போர்வை, ஓரத்தில் கட்டும் மெத்தை போன்ற தடுப்பு எல்லாமே வெளியே. வளைகாப்புக்கும் பேர் வைக்கவும் வந்த பரிசுகளில் பாதி இதுவாகத்தான் இருக்கும். போட்டோ எடுத்துவிட்டு எடுத்து வைத்துவிடுங்கள்.

கழுத்தில் கட்டிய கறுப்புக் கயிறு, வசம்பு கோத்த மணி, செயின் எதுவாக இருந்தாலும் தூங்கும் நேரத்தில் கழற்றிவிட வேண்டும். கண் திருஷ்டிக்காக என்றால் கன்னத்தில் பொட்டு வைத்துக்கொள்ளலாம். கழுத்தில் மட்டும் எதுவும் வேண்டாம். தொட்டிலின் மேல் தொங்கும் கிலுகிலுப்பை குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். குழந்தை எழுந்து உட்கார ஆரம்பித்ததும் அதையும் எடுத்துவிடுங்கள்.

வீட்டுக்குள் தூங்கும் குழந்தைக்குத் தொப்பியும் கையுறையும் தேவையில்லை. பெரியவர்கள் போடுவதைவிட ஒரு துணி கூடுதலாக இருந்தால் போதும். வெயில் காலத்தில் ஒரு மெல்லிய பருத்திச் சட்டையே போதும். கழுத்துக்குப் பின்னால் தொட்டுப் பாருங்கள். வியர்த்திருந்தால் துணி அதிகம் என்று அர்த்தம்.

கொசு, புகை, தூசு

வடசென்னையில் கொசு இல்லாத வீடு கிடையாது. தொட்டிலுக்குக் கீழே கொசுவத்திச் சுருளை ஏற்றி வைக்கும் பழக்கம் இரண்டு விதத்தில் தவறு. அந்தப் புகை பிஞ்சு நுரையீரலுக்குக் கெடுதல். தொங்கும் புடவையில் தீப்பற்றவும் ஒரு பொறி போதும். குளித்த பிறகு போடும் சாம்பிராணிப் புகையும் அந்த நுரையீரலுக்குத் தேவையில்லாதது. வலைதான் நல்ல வழி. இழுத்துக் கட்டிய வலையோ, குடை மாதிரி விரியும் வலையோ முகத்தில் விழாதபடி இருக்க வேண்டும்.

வீட்டில் யாராவது பீடி, சிகரெட் பிடித்தால் வெளியே போய்ப் பிடிப்பதோடு முடிந்துவிடாது. சட்டை மாற்றி, கை கழுவிவிட்டுத்தான் குழந்தையைத் தூக்க வேண்டும். சிகரெட் புகை திடீர் சிசு மரணத்தின் முக்கியக் காரணிகளில் ஒன்று.

எண்ணூர் விரைவுச் சாலையில் இரவு பகலாகக் கன்டெய்னர் லாரி ஓடும். சாலையோர வீடுகளில் காலையில் துடைத்த ஜன்னல் மாலைக்குள் கறுப்பாகிவிடும். தொட்டிலை அந்த ஜன்னலுக்கு நேர் கீழே போடாதீர்கள். தொட்டில் துணியையும் விரிப்பையும் அடிக்கடி துவைத்து, முடிந்தவரை வீட்டுக்குள் உலர்த்துங்கள்.

2023 டிசம்பர் 26 நள்ளிரவை நெருங்கும் நேரத்தில் எண்ணூரில் உரத் தொழிற்சாலைக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பம் உள்ளிட்ட ஊர் மக்கள் கண் எரிச்சலோடும் மூச்சுத் திணறலோடும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினார்கள். அப்படி ஓர் இரவில் குழந்தை எங்கே படுத்திருக்கிறது என்பது பெரிய கேள்வி. தாயின் கைக்கு எட்டும் தூரத்தில், வாசலுக்குப் போகும் வழியை மறிக்காமல், இருட்டிலும் ஒரே வீச்சில் தூக்கும்படி தொட்டில் இருக்க வேண்டும்.

தொட்டிலுக்கே இடமில்லை என்றால்?

எர்ணாவூர் சுனாமி குடியிருப்பிலும், ராயபுரத்துச் சந்து வீடுகளிலும் ஒரே அறையில் ஐந்தாறு பேர் படுப்பது சாதாரணம். அங்கே மரத்தொட்டில் போட்டால் மற்றவர்கள் நிற்கத்தான் முடியும். இவர்களுக்கு நல்ல செய்தி: தரை தட்டையானது, கெட்டியானது, அங்கிருந்து யாரும் விழ முடியாது. பாயின் மேல் ஒரு பருத்திப் போர்வையை மடித்து, சுருக்கம் இல்லாமல் விரித்து, அதன் மேல் குடைவலை. தாயின் படுக்கைக்குப் பக்கத்திலேயே, ஆனால் தனியாக. சுவரை ஒட்டியோ, பீரோவை ஒட்டியோ சந்து விழும்படி போடாதீர்கள். எலித் தொல்லையும் தரை ஈரமும் இருக்கும் வீடுகளில் அகலமான, அசையாத பலகை மேல் போடலாம்.

ஏழை நாட்டு யோசனை என்று இதை நினைக்க வேண்டாம். பின்லாந்தில் 1938 முதல் ஏழைத் தாய்மார்களுக்கும், 1949 முதல் எல்லாத் தாய்மார்களுக்கும் அரசு ஒரு அட்டைப்பெட்டி கொடுத்துவருகிறது. உள்ளே குழந்தைக்கான துணிகள், அடியில் ஒரு சின்ன மெத்தை. பொருளை எடுத்த பிறகு அந்தப் பெட்டியே முதல் தொட்டில். தமிழ்நாட்டிலும் 2015-ல் தொடங்கிய அம்மா குழந்தைகள் நலப் பரிசுப் பெட்டகத்தின் 16 பொருட்களில் குழந்தைப் படுக்கையும் பாதுகாப்பு வலையும் இடம்பெற்றன. பீரோ மேல் அப்படி ஒன்று சும்மா இருந்தால் எடுத்துப் பாருங்கள். மெத்தை கெட்டியாகவும் வலை கிழியாமலும் இருந்தால் பயன்படுத்தலாம்.

நியூசிலாந்தின் மவோரி மக்களுக்கும் நம்மைப் போலவே குழந்தையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு தூங்கும் வழக்கம் உண்டு. ‘பக்கத்தில் போடாதே’ என்று சொல்லிப் பயனில்லை என்று புரிந்ததும், 2006-ல் அவர்களுடைய பாரம்பரிய முறையில் பின்னிய ‘வஹாகுரா’ என்ற கூடைப் படுக்கை அறிமுகமானது. குழந்தை பெற்றோர் படுக்கையிலேயே இருக்கும். ஆனால் தன் கூடைக்குள், தனியாக. அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் அங்கே சிசு மரணம் குறைந்ததில் இதற்கும் பங்கு உண்டு என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். வழக்கத்தைத் திட்டாமல் திருத்தியதில் கிடைத்த வெற்றி அது.

பக்கத்தில் படுக்கவைத்தே ஆக வேண்டுமா?

ராத்திரி பால் கொடுக்கும் தாய் அசந்து தூங்கிவிடுவது இயல்பு. அதற்காகக் குற்ற உணர்ச்சி வேண்டாம். விழித்ததும் குழந்தையைத் தன் இடத்தில் படுக்கவையுங்கள். உட்கார்ந்து பால் கொடுக்கும்போது தூக்கம் வரும்போல் இருந்தால் சோபாவைவிடப் பாயே மேல். சோபாவில் குழந்தையோடு தூங்குவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. குஷன் சந்தில் குழந்தை புதைந்துவிடும்.

குடித்திருப்பவர், தூக்க மாத்திரையோ மயக்கம் தரும் இருமல் மருந்தோ சாப்பிட்டவர், புகைபிடிப்பவர் பக்கத்தில் குழந்தை படுக்கவே கூடாது. துறைமுகத்திலும் ஆலையிலும் ஷிப்ட் முடித்து, விடியற்காலையில் இருட்டில் வந்து படுப்பவருக்குக் குழந்தை எங்கே இருக்கிறது என்று தெரியாது. அதனால் குழந்தையின் இடம் தினமும் ஒரே இடமாக இருக்கட்டும். வீட்டில் எல்லோருக்கும் அது தெரிந்திருக்கட்டும். அண்ணன், அக்காக்களைக் குழந்தைக்குப் பக்கத்தில் படுக்கவைக்காதீர்கள். தூக்கத்தில் அவர்கள் உருளுவது அவர்களுக்கே தெரியாது.

வளர வளர மாற்றுங்கள்

குழந்தை உட்கார ஆரம்பிப்பதற்கு முன்பே தொட்டில் மெத்தையைக் கீழ்ப் படிக்கு இறக்கிவிடுங்கள். புரள ஆரம்பித்ததும் துணியில் இறுக்கிச் சுற்றுவதை நிறுத்திவிடுங்கள். மல்லாந்து படுக்கவைத்த குழந்தை தானாகவே குப்புறப் புரண்டு, தானாகவே திரும்பவும் முடிகிறது என்றால் ஒவ்வொரு முறையும் எழுந்து திருப்பிப்போட வேண்டியதில்லை. உயரம் 90 சென்டிமீட்டரை நெருங்கினால் தொட்டில் வாழ்க்கை முடிந்தது. தாண்டிக் குதிப்பதற்கு முன் தரைக்கு மாற்றிவிடலாம்.

தூங்கும் குழந்தையின் உதடு நீலமாக இருந்தால், மூச்சு நின்று நின்று வந்தால், தட்டியும் எழாமல் துவண்டு கிடந்தால் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். தூளியிலிருந்து விழுந்த குழந்தை வாந்தி எடுத்தாலோ, சோர்ந்து தூங்கிக்கொண்டே இருந்தாலோ, உச்சிக்குழி உப்பினாலோ ‘அழுதுட்டு சரியாயிடுச்சு’ என்று விட்டுவிடாதீர்கள். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

இன்று இரவு விளக்கை அணைப்பதற்கு முன் ஐந்து விஷயங்களை ஒரு முறை பாருங்கள்: குழந்தை மல்லாந்து படுத்திருக்கிறதா, படுக்கை தட்டையா, உள்ளே வேறு பொருள் இருக்கிறதா, கழுத்தில் கயிறு இருக்கிறதா, காலியான தூளி சுருட்டிக் கட்டியிருக்கிறதா. அரை நிமிட வேலைதான்.